கன்னவாரோவுக்குக் கொடுத்ததில் பிழையில்லை

உலகக் கால்பந்தின் தனிநபர் விருதுகளில் பெரியதாக மதிக்கப்படும் பலோன் தோர் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. 2006இல் அந்த விருதை இத்தாலியின் பின்கள வீரர் ஃபாபியோ கன்னவாரோவுக்குக் கொடுத்தது தவறு என்பதுதான் அது. தகுதியில்லாமல் பெற்ற விருதுகள் என்று ரசிகர்கள் பட்டியல் போட்டால் அவர் பெயர் அதில் தப்புவதில்லை. காரணங்களும் ஆயத்தமாக இருக்கின்றன. இத்தாலி உலகக் கோப்பையை வென்றது, அவர் அணித்தலைவர், கோப்பையைத் தூக்கிய கையிலேயே விருதையும் கொடுத்துவிட்டார்கள். உண்மையில் இத்தாலியைக் காப்பாற்றியவர் கோல்கீப்பர் ஜான்லூயிஜி புஃபோன். அந்தப் பருவம் முழுவதும் கோல்களாகக் குவித்தவர் தியரி ஹென்றி. பார்சலோனாவுக்கு ஐரோப்பியக் கோப்பையை வாங்கித் தந்தவர் ரொனால்டினோ. தடுமாறிக்கொண்டிருந்த பிரான்ஸை இறுதியாட்டம்வரை கொண்டுவந்து சேர்த்தவர் ஜினடின் ஜிடான். இவர்கள் அத்தனை பேரையும் விட்டுவிட்டு, கோல் அடிக்காத, கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுக்காத, வந்த பந்தைத் தட்டிவிடுவதே வேலையாக இருந்த ஒருவருக்கா அந்த ஆண்டின் தலைசிறந்த வீரர் என்ற பட்டம்? இதுதான் கேள்வி. இருபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டதால், விடை கிடைத்துவிட்ட கேள்வியைப் போல இது ஆகிவிட்டது.

விடை கிடைக்கவில்லை. விவாதமே சரியாக நடக்கவில்லை. அந்த விருதைக் குறைசொல்லும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், முன்கள வீரர்களுக்கு ஒருபோதும் வைக்காத நிபந்தனைகளைப் பின்கள வீரருக்கு மட்டும் வைப்பதால்தான் அவை நிற்கின்றன என்பது தெரியும். அடிப்பது ஆக்கம், தடுப்பது ஆக்கமின்மை என்ற நம்பிக்கை அவற்றின் அடியில் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே அளவுகோலை வைத்து அளந்தால், கன்னவாரோ பெற்ற விருது அதன் வரலாற்றில் நியாயம் வலுவாக உள்ள தேர்வுகளில் ஒன்று. இதை அவர்மீதுள்ள பற்றினால் சொல்லவில்லை. அந்த உலகக் கோப்பையில் நடந்தவையும் அவருடைய நீண்ட தொழில் வாழ்க்கையும் அப்படித்தான் சொல்கின்றன.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 2006 ஜூன் 12 முதல் ஜூலை 9 வரை ஜெர்மனியில் இத்தாலி ஏழு ஆட்டங்கள் ஆடியது. அவற்றில் இரண்டு கூடுதல் நேரத்துக்குச் சென்றன. மொத்தம் 690 நிமிடங்கள். அத்தனை நிமிடங்களும் கன்னவாரோ களத்தில் இருந்தார். அந்த 690 நிமிடங்களில் இத்தாலி விட்ட கோல்கள் இரண்டு. ஒன்று, அமெரிக்காவுக்கு எதிராக இத்தாலிய வீரர் சக்கார்தோ தன் வலைக்குள்ளேயே தவறுதலாக அடித்தது. மற்றொன்று, இறுதியாட்டத்தில் ஜிடான் அடித்த பெனால்டி. எதிரணி வீரர் ஒருவர்கூட ஆட்டத்தின் ஓட்டத்தில் இத்தாலியின் வலையைத் தொடவில்லை. சாம்பியன் ஆன அணிகளில் இவ்வளவு குறைவாகக் கோல் விட்டவை 1998இன் பிரான்ஸ், 2006இன் இத்தாலி, 2010இன் ஸ்பெயின் ஆகிய மூன்றே. இத்தாலியின் பின்வரிசை நிலையானதாகவும் இருக்கவில்லை. கன்னவாரோவின் துணையாக நின்ற நெஸ்தா மூன்றாவது ஆட்டத்தில், செக் குடியரசுக்கு எதிராக, இருபது நிமிடம் ஆவதற்குள் காயப்பட்டு வெளியேறினார். பிறகு ஆடவே இல்லை. அவரிடத்துக்கு வந்த மத்தராஸி அடுத்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சிவப்பு அட்டை பெற்றார். அந்த ஆட்டத்தின் மீதிக்கும் உக்ரைனுடனான காலிறுதிக்கும் பர்சாலி வந்தார். இடப்பக்கமும் வலப்பக்கமும் நின்றவர்களும் முதல் மூன்று ஆட்டங்களில் மாறிக்கொண்டே இருந்தார்கள். பின்வரிசை நால்வரில் மாறாமல் நின்றவர் ஒருவர்தான். பக்கத்தில் நிற்பவர் யார் என்பது மூன்று முறை மாறியும் கோல் கணக்கு மாறவில்லை என்றால், அந்தப் பின்வரிசையை ஒன்றாகக் கட்டிவைத்தது எது என்று தேட வேண்டிய இடம் தெளிவாகவே இருக்கிறது.

இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த உலகக் கோப்பை சிவப்பு அட்டைகளுக்குப் பெயர்போனது. 28 பேர் வெளியேற்றப்பட்டார்கள், அதுவரை கண்டிராத எண்ணிக்கை அது. இத்தாலி அணியிலேயே இருவர் சிவப்பு அட்டை பெற்றனர். கன்னவாரோ 690 நிமிடங்களில் ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்கவில்லை. எதிரணியின் முன்கள வீரரோடு நேருக்கு நேர் மோதுவதே நடுப் பின்கள வீரரின் அன்றாடம். சற்றுத் தாமதித்தால் அது தவறாட்டமாகும். இன்னும் தாமதித்தால் அட்டையாகும். அட்டையே வாங்காமல் அத்தனை மோதல்களையும் வென்றார் என்றால், அவர் தாமதிக்கவே இல்லை என்று பொருள். இதே கன்னவாரோ 2002 உலகக் கோப்பையில் இரண்டு மஞ்சள் அட்டைகளால் தென் கொரியாவுக்கு எதிரான ஆட்டத்தில் இடம்பெற முடியாமல் போனார்; நெஸ்தாவும் இல்லாத இத்தாலி அன்று வெளியேறியது. நான்கு ஆண்டுகளில் அவருடைய ஆட்டம் எவ்வளவு துல்லியம் பெற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவு வேண்டியதில்லை.

தடுப்பது ஆக்கமில்லை என்பவர்கள் ஜூலை 4 அன்று டோர்ட்மண்டில் நடந்த அரையிறுதியைக் கவனமாகப் பார்க்க வேண்டும். போட்டியை நடத்தும் ஜெர்மனி. அதுவரை ஜெர்மனி தோற்றே அறியாத மைதானம். அந்த உலகக் கோப்பையிலேயே அதிகக் கோல்கள், மொத்தம் 14, அடித்த அணி அது. போட்டியின் அதிகக் கோல் வீரரான குளோசேயும் சிறந்த இளம் வீரராகத் தேர்வான பொடோல்ஸ்கியும் முன்வரிசையில் இருந்தார்கள். 120 நிமிடங்களில் அவர்களால் ஒரு கோலும் அடிக்க முடியவில்லை. அதைவிட முக்கியம், கூடுதல் நேரத்தில் பயிற்சியாளர் லிப்பி செய்தது. பெனால்டி உதைகளுக்குக் காத்திருக்காமல் இயாகிண்டாவையும் டெல் பியரோவையும் உள்ளே அனுப்பினார். ஏற்கெனவே ஜிலார்தினோவும் தொத்தியும் களத்தில் இருக்க, தாக்குதலையே இயல்பாகக் கொண்ட நால்வரோடு இத்தாலி ஆடியது. ஒரு கோல் வாங்கினால் போட்டியே போய்விடும் என்ற நிலையில் நடுக்களத்தைக் காலியாக்கிக்கொண்டு தாக்கும் துணிவு, பின்னால் நிற்பவர்கள் சரியவிடமாட்டார்கள் என்ற உறுதியிலிருந்துதான் வரும். 119ஆவது நிமிடத்தில் குரோஸோ கோல் அடித்தார். அடுத்து ஜெர்மனி பதறிப் பாய்ந்தபோது, பெட்டிக்குள் வந்த பந்தைக் கன்னவாரோ தலையால் முட்டி வெளியேற்றினார். அது விழுந்த இடத்துக்கும் தானே ஓடிப் பொடோல்ஸ்கியை முந்தி அதைக் கைப்பற்றினார். அங்கிருந்து பந்து தொத்திக்கும், ஜிலார்தினோவுக்கும், கடைசியில் டெல் பியரோவுக்கும் போய்ச் சேர்ந்து இரண்டாவது கோல் ஆனது. கோல் கணக்கில் அடித்தவர் பெயர் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தவர் பெயரும் இருக்கிறது. அதைத் தொடங்கியவர் பெயரை எழுத அந்த ஏட்டில் இடமே இல்லை. பின்கள வீரருக்கு எதிரான தீர்ப்பு இப்படிப்பட்ட ஏடுகளைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். வலுவானது புஃபோனைப் பற்றியது. இறுதியாட்டத்தின் கூடுதல் நேரத்தில் ஜிடான் தலையால் முட்டிய பந்தைப் புஃபோன் ஒரு கையால் தட்டிவிடாமல் இருந்திருந்தால் கோப்பை பிரான்ஸுக்குப் போயிருக்கலாம். இதை மறுப்பவர் யாருமில்லை, வாக்களித்தவர்களும் மறுக்கவில்லை. 173 புள்ளிகள் பெற்ற கன்னவாரோவுக்கு அடுத்து 124 புள்ளிகளோடு இரண்டாமிடத்தில் இருந்தவர் புஃபோன். 121 புள்ளிகளோடு ஹென்றி மூன்றாமிடம். புஃபோனுக்கே முதலிடம் என்று நேர்மையாக வாதிட இடமிருக்கிறது. ஆனால் அப்படி வாதிடுபவர், அந்த ஆண்டை முடிவுசெய்தது தடுப்பாட்டம்தான் என்பதை ஏற்றுக்கொண்டுதான் பேசத் தொடங்குகிறார். தடுத்த இருவரில் யார் பெரியவர் என்பது வேறு வழக்கு. தடுத்தவருக்கு விருதே கூடாது என்பது வேறு வழக்கு. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை வெல்ல முடியாது. இருவருக்கும் இடையிலான வழக்கிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோல்கீப்பர் செய்யும் காரியம் உதை விழுந்த பிறகு நடக்கிறது. ஆகவே எல்லோர் கண்ணுக்கும் படுகிறது. பின்கள வீரர் செய்யும் காரியம் அந்த உதையே நிகழாமல் செய்வது. பாய்ந்து பிடித்த பந்துகளை எண்ணலாம். வராமலே போன பந்துகளை யாராலும் எண்ண முடியாது. எண்ண முடியாததாலேயே அதை இல்லையென்று சொல்வது கணக்கின் குறையைக் களத்தில் ஆடியவர் தலையில் கட்டுவது.

அடுத்த மறுப்பு, ஏழே ஆட்டங்களை வைத்து ஓராண்டின் விருதைக் கொடுக்கலாமா என்பது. கேட்க நியாயமான கேள்விதான். ஆனால் இதைக் கன்னவாரோவிடம் மட்டும் கேட்கிறார்கள். 1982இல் பலோன் தோர் வென்றவர் இத்தாலியின் பாவ்லோ ரோஸி. ஆட்டத்தின் முடிவைச் சூதாட்டத்துக்காக மாற்றிய வழக்கில் தடைசெய்யப்பட்டு, இரண்டாண்டுகள் ஆடாமல் இருந்து, அந்த வசந்தத்தில் திரும்பி வந்து மூன்றே லீக் ஆட்டங்கள் ஆடிவிட்டு உலகக் கோப்பைக்குப் போனவர் அவர். அங்கே முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் இல்லை. கடைசி மூன்று ஆட்டங்களில் பிரேசிலுக்கு எதிராக மூன்று, போலந்துக்கு எதிராக இரண்டு, மேற்கு ஜெர்மனிக்கு எதிராக ஒன்று என ஆறு கோல்கள். அந்த மூன்று ஆட்டங்களுக்காகத்தான் அவருக்கு விருது. அதை மாபெரும் மீட்சிக் கதையாக இன்றும் கொண்டாடுகிறார்கள். 2002இல் வென்ற பிரேசிலின் ரொனால்டோ முழங்கால் காயத்தால் கிளப் பருவத்தின் பெரும்பகுதியை இழந்தவர். உலகக் கோப்பையில் அடித்த எட்டு கோல்கள்தான் அவர் தகுதி. 1998இல் வென்ற ஜிடான் அந்த உலகக் கோப்பையிலேயே சிவப்பு அட்டை வாங்கி இரண்டு ஆட்டங்களில் இல்லாதவர். இறுதியாட்டத்தில் அடித்த இரண்டு கோல்கள் எல்லாவற்றையும் மறக்கச் செய்தன. இவர்களுக்குக் கொடுத்தது தவறு என்று சொல்ல வரவில்லை. உலகக் கோப்பை ஆண்டில் பெரும்பாலும் உலகக் கோப்பைதான் முடிவுசெய்தது என்பது அந்நாளில் அந்த விருதின் நடைமுறை. அந்த நடைமுறை முன்கள வீரர்களுக்குச் செல்லும், கோப்பை முழுவதும் ஒரு நிமிடம்கூட விலகாமல், ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்காமல் ஆடிய பின்கள வீரருக்குச் செல்லாது என்றால், அதற்கான காரணத்தை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கோப்பை வென்ற அணியின் தலைவர் என்பதற்காகக் கொடுத்தார்கள் என்ற வாதமும் இதோடு சேர்த்தே வீழ்கிறது. உலகக் கோப்பையை உயர்த்திய தலைவர்களில் பலர் இந்த விருதின் பக்கத்தில்கூட வரவில்லை. தலைமைப் பட்டை ஒருபோதும் போதுமானதாக இருந்ததில்லை. அந்த இத்தாலி அணியின் தன்மையைத்தான் பார்க்க வேண்டும். அது அடித்த 12 கோல்களைப் பத்து வெவ்வேறு வீரர்கள் அடித்தார்கள். மத்தராஸியும் தோனியும் மட்டும் இரண்டிரண்டு, மற்றவர்கள் ஒவ்வொன்று. அந்த வெற்றியைத் தன் வெற்றி என்று சொல்லிக்கொள்ளத்தக்க முன்கள வீரர் ஒருவரும் அந்த அணியில் இல்லை. கோல்கள் ஒவ்வோர் ஆட்டத்திலும் வேறு வேறு காலிலிருந்தும் தலையிலிருந்தும் வந்தன. மாறாமல் இருந்தது தடுப்பு மட்டுமே. ஒரு கோப்பையை வென்ற அணியின் அடையாளமே தடுப்பாக இருக்கும்போது, அதன் சிறந்த வீரரை வேறெங்கே தேடுவது?

ஹென்றியின் தரப்பு கிளப் ஆட்டங்களைச் சுட்டும். 2006 மார்ச்சில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் ஹென்றியின் ஆர்சனல், கன்னவாரோவின் யுவென்டஸை லண்டனில் 2–0 என வென்றது. அதில் ஒரு கோல் ஹென்றியுடையது. உண்மைதான். அதே ஹென்றி ஜூலை 9 அன்று பெர்லினில் கன்னவாரோவுக்கு எதிரே நூறு நிமிடங்களுக்கு மேல் ஆடினார். கோல் அடிக்காமல் மாற்றப்பட்டு வெளியேறினார். அதற்கு முன் அந்த உலகக் கோப்பையில் மூன்று கோல்கள், அவற்றில் ஒன்று பிரேசிலை வீட்டுக்கு அனுப்பியது. காலிறுதியின் ஒரு மாலையைக் கணக்கில் எடுப்பவர், இறுதியாட்டத்தின் மாலையையும் எடுத்தாக வேண்டும். ஆர்சனல் சாம்பியன்ஸ் லீக்கின் இறுதியாட்டத்தில் பார்சலோனாவிடம் தோற்றது; பிரான்ஸ் உலகக் கோப்பை இறுதியில் தோற்றது. ரொனால்டினோ கிளப்புக்காக வென்றதெல்லாம் உண்மை. உலகக் கோப்பையில் அவர் ஒரு கோலும் அடிக்கவில்லை, பிரேசில் காலிறுதியோடு திரும்பியது. ஜிடானின் உலகக் கோப்பை எத்தனை அழகாக இருந்தாலும், அட்டைகளால் ஓர் ஆட்டத்தில் இல்லாமல் போனதும், இறுதியாட்டத்தின் 110ஆவது நிமிடத்தில் எதிரணி வீரரை முட்டி வெளியேறி, அணியைப் பத்துப் பேரோடு விட்டுப்போனதும் அதே கதையின் பகுதிகள்தான். போட்டியின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருதில் ஜிடான் 2012 புள்ளிகளும் கன்னவாரோ 1977 புள்ளிகளும் பெற்றார்கள். வெறும் 35 புள்ளிகள் வித்தியாசம். மூன்றாவதாக வந்த பிர்லோ இருவருக்கும் எட்டாத தொலைவில், 715இல் இருந்தார்.

இங்கே யார் வாக்களித்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு பலோன் தோருக்கு வாக்களித்தவர்கள் ஐரோப்பியப் பத்திரிகையாளர்கள். ஃபிஃபாவின் ஆண்டின் சிறந்த வீரர் விருது தனி. அதற்கு வாக்களித்தவர்கள் உலகெங்கும் உள்ள தேசிய அணிகளின் பயிற்சியாளர்களும் அணித்தலைவர்களும். அதிலும் கன்னவாரோவே முதலிடம், 498 புள்ளிகள். ஜிடானுக்கு 454, ரொனால்டினோவுக்கு 380. அந்த விருதை வென்ற ஒரே பின்கள வீரர் அவர்தான். பத்திரிகையாளர்கள் ஓர் உணர்ச்சி அலையில் அடித்துச் செல்லப்பட்டார்கள் என்று சொல்லலாம். தொழிலாகவே பந்தாடுபவர்களும், யாரைத் தாண்டினால் கோல் விழும் என்று இரவெல்லாம் திட்டமிடுபவர்களும் அதே அலையில் போனார்கள் என்பதை நம்புவது கடினம். ஒருவர் ஆட்டத்தின் அருமை, அவரை எதிர்த்து ஆடியவருக்கும் எதிர்த்துத் திட்டம் போட்டவருக்கும்தான் முதலில் தெரியும்.

கிளப் வாழ்க்கையை வைத்து எழும் மறுப்பு இரண்டு வகை. ஒன்று, யுவென்டஸ் நடுவர் நியமன ஊழலில் சிக்கி 2004–05, 2005–06 பட்டங்களை இழந்து இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. ஆகவே அந்த அணியில் ஆடியவருக்குப் பெருமை கூடாது என்பது. அந்த வழக்கு கிளப் நிர்வாகிகள்மீதும் நடுவர் அமைப்பினர்மீதும் நடந்தது, கன்னவாரோ தண்டிக்கப்படவில்லை. 2005–06இல் 38 லீக் ஆட்டங்களில் யுவென்டஸ் ஒன்றில்தான் தோற்றது. 24 கோல்களே விட்டது. பட்டத்தைப் பறித்தது சட்டத்தின் நியாயம். அந்த ஆட்டங்களில் ஒரு பின்கள வீரர் ஓடியதையும் தாவியதையும் பறிக்க எந்தச் சட்டமும் இல்லை. மற்றது, விருதுக்குப் பின் ரியல் மாட்ரிட்டில் அவர் தடுமாறினார் என்பது. தொடக்கத்தில் தடுமாறினார்; உண்மை. ஆனால் ரியல் மாட்ரிட் 2006–07, 2007–08 என அடுத்தடுத்த இரண்டு பருவங்களிலும் ஸ்பானிய லீக்கை வென்றது. இரண்டிலும் அவர் இருந்தார். 2010 உலகக் கோப்பையில் 36 வயதில் அவரும் இத்தாலியும் முதல் சுற்றிலேயே வீழ்ந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆண்டின் விருது அந்த ஆண்டுக்கானது. பிந்தைய வீழ்ச்சியை முன்தேதியிட்டு எழுதுவது எந்த முன்கள வீரருக்கும் செய்யாத கொடுமை.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் நுட்பமானது. 2006 உலகக் கோப்பையே கோல் வறண்ட போட்டி. 64 ஆட்டங்களில் 147 கோல்கள், ஆட்டத்துக்குச் சராசரி 2.3. சுவிட்சர்லாந்து நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடாமலே வெளியேறியது. ஆக, கோல் விடாததில் என்ன அதிசயம் என்கிறார்கள். சுவிட்சர்லாந்து வெளியேறியது 16 அணிச் சுற்றிலேயே. அதற்குப் பிறகுதான் இத்தாலியின் பாதையில் ஜெர்மனியும் பிரான்ஸும் காத்திருந்தன. எல்லோரும் கவனமாகத் தடுத்த போட்டி அது என்றால், அதில் ஒரு கோல் மற்றப் போட்டிகளின் இரண்டு கோல்களுக்குச் சமம். அப்படியானால் விடாமல் காத்த ஒவ்வொரு கோலின் விலையும் இரட்டிப்பாகிறது. கோல் அரிதான காலத்தில் கோல் அடித்தவரைக் கொண்டாடுவோம், கோலைக் காத்தவரை மட்டும் சூழ்நிலையின் பயனாளி என்போம் என்பது வாதமாகாது.

அது ஒரு மாதத்து அதிர்ஷ்டமும் அன்று. நேபிள்ஸில் 1973இல் பிறந்தவர் கன்னவாரோ. தன் ஊர் நாப்போலி அணியில் 1993இல் தொடங்கினார். சுமார் 176 சென்டிமீட்டர் உயரம். நடுப் பின்களத்துக்கு அது குள்ளம். மேலே வரும் பந்துகளைத் தலையால் முட்ட வேண்டிய இடத்தில், தன்னைவிட உயரமானவர்களோடு மோதியே அவர் வாழ வேண்டியிருந்தது. அதற்கு அவர் கண்ட வழி, பந்து புறப்படும் முன்பே அது விழும் இடத்தைக் கணிப்பதும், எதிராளி குதிக்கும் கணத்துக்கு ஒரு கணம் முன்னால் குதிப்பதும், அவர் பந்தைத் தொடும் முன் அவர் முன்னால் பாய்ந்து எடுப்பதும். பார்மாவில் தூராம், சென்சினி ஆகியோரோடு மூவர் பின்வரிசையில் அது முழுமை பெற்றது. பின்னால் நின்ற கோல்கீப்பர் இளம் புஃபோன். 1999இல் அந்த அணி இத்தாலியக் கோப்பையையும், மாஸ்கோவில் மார்செய்யை 3–0 என வென்று யூஏஃபா கோப்பையையும் கைப்பற்றியது. பிறகு இண்டர் மிலானில் காயங்களோடு இரண்டு பருவங்கள்; முப்பது வயதில் யுவென்டஸின் மாற்றுக் கோல்கீப்பர் ஒருவருக்கு ஈடாக அவரை இண்டர் கைமாற்றிவிட்டது. முடிந்துபோன ஆட்டக்காரர் என்று கருதப்பட்ட அந்த வயதிலிருந்துதான் 2006 எழுந்தது. தேசிய அணியில் 1997இல் தொடங்கி, 2002 உலகக் கோப்பைக்குப் பின் மால்தினியிடமிருந்து தலைமையை ஏற்று, மொத்தம் 136 ஆட்டங்கள். பெர்லின் இறுதியாட்டம் அவருடைய நூறாவது. ஒரு பின்கள வீரரின் தொழில் வாழ்க்கை ஒளிர்ந்த கணங்களால் கட்டப்படுவதில்லை. ஒவ்வொரு வாரமும் ஒரே கவனத்தோடு நின்ற ஆண்டுகளால் கட்டப்படுகிறது. முன்கள வீரர் பத்து வாய்ப்புகளில் ஒன்பதைத் தவறவிட்டு ஒன்றை அடித்தால் நாயகன். பின்கள வீரர் தொண்ணூறு நிமிடம் சரியாக ஆடி ஒரு கணம் பிசகினால் குற்றவாளி. இத்தகைய தொழிலில் ஏழு ஆட்டங்கள் பிசகாமல் இருந்ததை அதிர்ஷ்டம் என்பவர் அந்தத் தொழிலையே அறியாதவர்.

இந்த விவாதம் ஒருவர் பெற்ற ஒரு விருதோடு முடிவதாக இருந்தால் இத்தனை பேச வேண்டியதில்லை. 1956 முதல் வழங்கப்படும் பலோன் தோரைப் பெற்ற பின்கள வீரர்கள் மூவரே: 1972, 1976இல் பெக்கன்பாவர், 1996இல் சம்மர், 2006இல் கன்னவாரோ. முதல் இருவரும் பின்னாலிருந்து பந்தோடு முன்னேறி ஆட்டத்தை நடத்திய சுதந்திரப் பின்கள வீரர்கள். தாக்குதலில் பங்குகொண்டதற்காகவும் போற்றப்பட்டவர்கள். தடுத்தலையே தன் கலையாகக் கொண்டு வென்றவர் கன்னவாரோ ஒருவர்தான். அந்த ஒருவரையும் தவறென்று அடித்துவிட்டால் எஞ்சுவது என்ன? 1965இல் பக்கேத்தி, 1970இல் பாபி மூர், 1989இல் பரேஸி ஆகியோர் இரண்டாமிடத்தோடு நின்றார்கள். மால்தினி 1994இலும் 2003இலும் மூன்றாமிடம். 2019இல் வான் டைக் 679 புள்ளிகள் பெற்று, 686 பெற்ற மெஸ்ஸியிடம் ஏழே புள்ளிகளில் இழந்தார். கோல்கீப்பர்களுக்கு யாஷின் பெயரிலும், அதிகக் கோல் அடிப்பவருக்கு கெர்ட் முல்லர் பெயரிலும் அதே விழாவில் தனி விருதுகள் வந்துவிட்டன. பின்கள வீரருக்கென ஒன்றும் இல்லை. ஆட்டத்தின் பாதி வேலையைச் செய்பவர்களைப் பற்றி ஆட்டம் தன் நினைவில் எழுதிவைத்திருப்பது இவ்வளவுதான்.

ஆகவே கன்னவாரோவின் விருதைத் தவறென்பவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உலகக் கோப்பை ஆண்டில் அந்தக் கோப்பையின் முடிவைத் தீர்மானித்தவருக்கே விருது என்றால், ரோஸிக்கும் ரொனால்டோவுக்கும் ஜிடானுக்கும் கொடுத்த அதே நியாயத்தில் அது கன்னவாரோவுக்கும் சேரும். கோல் அடிப்பவருக்கு மட்டுமே விருது என்றால் அதை வெளிப்படையாகவே அறிவித்துவிடலாம். ஆண்டின் சிறந்த வீரர் என்ற பெயரையும் மாற்றிவிடலாம். இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியாது. கால்பந்தில் வெற்றிக்கு வேண்டியது எதிரணியைவிட ஒரு கோல் கூடுதலாக இருப்பது. அந்த வித்தியாசத்தை அடித்தும் உண்டாக்கலாம், விடாமலும் உண்டாக்கலாம். 2006இல் உலகிலேயே சிறப்பாக அதை உண்டாக்கியவர் இரண்டாவது வழியில் உண்டாக்கினார். வாக்களித்தவர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். பிழை அவர்களுடையதில்லை, அவர்கள் கண்டதைக் காண இன்னும் மறுக்கும் நம்முடைய பழக்கத்தில்தான் இருக்கிறது.